கேஸ் கம்பெனி வரிச்சலுகை: ஓஇசிடி டேட்டாபேஸ் யூஸ் பண்ணிப் பாத்ததுல

எம்.ஏ ப்ராஜெக்டுக்காக ரெண்டு மாசமா இதத்தான் தினமும் தொறந்து வச்சிருக்கேன். இயற்கை எரிவாயு எடுக்குற கம்பெனிகளுக்கு எந்த நாட்டு அரசு என்ன வரிச்சலுகை குடுக்குதுன்னு ஒரே எடத்துல பாக்க, ஓஇசிடியோட (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) எரிபொருள் ஆதரவு டேட்டாபேஸ், அதாவது நிலக்கரி, எண்ணெய், கேஸுக்கு அரசுகள் குடுக்குற சலுகைகளோட தொகுப்பு மாதிரி எனக்கு வேற எதுவும் உதவல. காசு கிடையாது, இந்தியா, சீனா, பிரேசில்னு ஓஇசிடில உறுப்பினரா இல்லாத நாடுகளும் டேட்டாபேஸ்ல இருக்கு.

எனக்கு ரொம்பப் புடிச்சது நம்பர் இல்ல, ஒவ்வொரு சலுகைக்கும் போட்டிருக்குற விளக்கம்தான். அமெரிக்காவையே எடுத்துக்கங்க, கிணறு தோண்டுற கூலி, டீசல், சிமெண்ட் வேலை இதெல்லாம் பல வருஷத்துக்குப் பிரிக்காம அந்த வருஷமே செலவா கழிச்சுக்கலாம், 1913லேர்ந்து இருக்குற சலுகை இது. அதுக்கு மேல சின்ன கம்பெனிகளுக்கு ஒரு அளவு உற்பத்தி வரைக்கும் வருமானத்துல 15% கழிவு, போட்ட முதல் முழுசா கழிஞ்ச பிறகும் தொடரும்! அத படிச்ச அன்னிக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு.

ஆனா ஒண்ணு, நாடுகள வரிசைப்படுத்த இத யூஸ் பண்ணாதீங்க. முதல் வாரம் நான் எல்லா நாட்டுத் தொகையவும் எக்செல்ல போட்டு பெருசுலேர்ந்து சிறுசா அடுக்கி எங்க சார்கிட்ட கொண்டு போனேன், "எதோட ஒப்பிட்டு இத சலுகைங்கறாங்கம்மா?"ன்னு கேட்டார், பதில் தெரியல. ஒவ்வொரு நாடும் தன்னோட வழக்கமான வரி எதுவோ அதுலேர்ந்து எவ்வளவு விட்டுக் குடுத்தோம்னுதான் கணக்குப் போடுது, அந்த வழக்கமான வரியே நாட்டுக்கு நாடு வேற. நார்வேல எண்ணெய், கேஸ் லாபத்துக்கு மொத்த வரி 78%, அதனால அங்க ஒரு ரூபா செலவ கழிச்சா அரசு 78 பைசா தாங்குது, ஆனா லாபம் வந்தா அதே 78 எடுத்துக்குது. பிரிட்டன் 2022ல கூடுதல் லாப வரி போட்டப்ப கூடவே முதலீட்டுக் கழிவும் குடுத்துச்சு, ஒரு பவுண்டு போட்டா 91 பென்ஸ் வரி மிச்சம், அந்தக் கழிவ 2024 நவம்பர்ல எடுத்துட்டாங்க. இத ரெண்டையும் அமெரிக்கா பக்கத்துல வச்சு யார் பெருசுன்னா எப்படி? நேரா ஒப்பிடக் கூடாதுன்னு ஓஇசிடியே எழுதியிருக்கு, நான்தான் படிக்கல.

இன்னொரு விஷயம், எண்ணெய்க்கும் கேஸுக்கும் பொதுவான சலுகைய உற்பத்தி மதிப்பு விகிதத்துல பிரிச்சுப் போடறாங்க. கேஸ் பங்குன்னு காட்டுறது மதிப்பீடுதான்.

இந்தியாவுக்கு 1961 வருமானவரி சட்டத்தோட 80-ஐபி பிரிவு (எண்ணெய், கேஸ் எடுக்குற லாபத்துக்கு வரிக்கழிவு குடுத்தது), 2016 ஹெல்ப் கொள்கை (எண்ணெய், கேஸ் தேடி எடுக்க உரிமம் குடுக்குற கொள்கை) ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கங்க. ஹெல்ப்படி ஆழ்கடல் கேஸுக்கு முதல் 7 வருஷம் ராயல்டியே (எடுக்குற கேஸுக்காக அரசுக்குக் கட்டுற பங்கு) கிடையாது, அது வரிங்கற பேர்ல வராததால வரிய மட்டும் தேடுனா கண்ணுல படாது.

5க்கு 4 குடுப்பேன். ஒரே நாட்ட பல வருஷத்துக்குப் பாக்குறவங்க தைரியமா யூஸ் பண்ணலாம்.