எச்பிஎஸ்பி: ராணுவம் பணம் கட்டும் மருத்துவப் படிப்பு, யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் எம்.டி. அல்லது டி.ஓ. (அங்கே இரண்டும் மருத்துவர் ஆவதற்கான அடிப்படைப் பட்டங்கள்) படிக்க இடம் கிடைத்த வீட்டில் முதல் வாரம் இனிப்பு, இரண்டாம் வாரம் கணக்கு. நாலு வருடத்துக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் டாலர் என்று கூட்டல் வந்து நிற்கும்போதுதான் எச்பிஎஸ்பி என்ற பெயர் காதில் விழும். 1972இல் வந்த சட்டத்தின்கீழ் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் நடத்தும் உதவித்தொகைத் திட்டம் இது. கல்லூரிக் கட்டணம் முழுவதும், புத்தகம், கட்டாயக் கருவிகள், கையெழுத்து போட்டதும் 20,000 டாலர், மாதம் 2,500 டாலருக்கு மேல் படிகாசு. கேட்கும்போது தேன்தான்.

விலை என்ன என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நாலு வருடம் கொடுக்கிறார்கள், நாலு வருடம் வேலை பார்த்தால் போதும்" என்று ரெக்ரூட்டர் சொல்வது பொய் அல்ல. ஆனால் அந்த நாலு வருடம் பட்டம் வாங்கிய மறுநாள் ஓடத் தொடங்காது. ராணுவ மருத்துவமனையில் செய்யும் இன்டர்ன்ஷிப்பும் (பட்டத்துக்குப் பின் முதலாண்டுப் பயிற்சி) ரெசிடென்சியும் (குறிப்பிட்ட துறையில் பயிற்சி) இந்தச் சேவைக் கடனைக் கழிக்காது. மூன்று வருட இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) எடுத்தால் பட்டத்துக்குப் பின் சீருடையில் ஏழு வருடம். நீண்ட ரெசிடென்சி எடுத்தால் அதற்கென்று ஒரு கடமைக்காலம் சேரும். அதுவும் பழைய நாலு வருடமும் ஒன்றாக ஓடுவதால் இரண்டில் பெரியதுதான் கணக்கு. ஒப்பந்தத்தில் எட்டு வருட மொத்தக் கடமை என்று இன்னொரு எண்ணும் இருக்கும். மிச்ச வருடங்களைப் பெரும்பாலும் ரிசர்வ் பட்டியலில் பெயரோடு வீட்டிலிருந்தே கழிக்கலாம். அது பயப்பட வேண்டிய எண் அல்ல. பயப்பட வேண்டியது வேறு.

அது டிசம்பர் மாதம். கூடப் படிக்கும் சிவிலியன் மாணவர்களுக்கு ரெசிடென்சி முடிவு மார்ச்சில் வரும். ராணுவ மாணவருக்கு டிசம்பர் நடுவிலேயே, தனித் தேர்வுக்குழு மூலம் வந்துவிடும். அந்த வருடம் ராணுவத்துக்கு எத்தனை தோல் மருத்துவர், எத்தனை எலும்பு அறுவை மருத்துவர் தேவை என்பதை வைத்துத்தான் இடங்கள். தேவை இரண்டே பேர் என்றால், எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் போட்டி அந்த இரண்டு இடத்துக்குத்தான். சிலருக்கு 'டிஃபர்மென்ட்' கிடைக்கும். அவர்கள் சிவிலியன் மேட்ச்சுக்கு, அதாவது ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறைக்குப் போய், வெளியே படித்துவிட்டுத் திரும்பலாம். அதை நம்பிக் கையெழுத்து போடக்கூடாது. அது கிடைப்பதும் அந்த வருடத் தேவையைப் பொறுத்ததே.

இடம் கிடைக்காதவருக்கு ஒரு வருட இன்டர்ன்ஷிப், அதன்பின் ஜிஎம்ஓ, அதாவது ஜெனரல் மெடிக்கல் ஆபீசர் பணி. கப்பலில், மரைன் படைப்பிரிவில், விமானத் தளத்தில் இளைஞர்களுக்குச் சளி, முழங்கால் வலி, தகுதிப் பரிசோதனை. கடற்படையில் இது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். இதில் ஒரு நல்லதும் உண்டு: ஜிஎம்ஓ வருடங்கள் கடனைக் கழிக்கும். நாலு வருடமும் அப்படியே கழித்துவிட்டு வெளியே வந்து சிவிலியன் ரெசிடென்சி தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வயதைத் தாண்டி, புத்தகத்தைவிட்டு நாலு வருடம் விலகியபின் மறுபடி இரவுப் பணி இன்டர்னாக உட்காருவது எல்லோருக்கும் ஒத்துவராது. துணைவர் சிவிலியன் மருத்துவர் என்றால் இரண்டு பேரையும் ஒரே ஊரில் சேர்ப்பது தனித் தலைவலி. இரண்டு மேட்ச்சும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

பணக் கணக்கில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வருடம் 70,000 டாலர் கேட்கும் தனியார் கல்லூரி ஆனாலும், 35,000 கேட்கும் சொந்த மாநில அரசுக் கல்லூரி ஆனாலும் கடமை அதே நாலு வருடம்தான். முதல் ஆள் நாலு வருடத்தை 2,80,000 டாலருக்கு விற்கிறார், இரண்டாம் ஆள் அதே சரக்கை 1,40,000க்கு. மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கு, பணத்துக்காக மட்டும் என்றால், எச்பிஎஸ்பி மலிவான பேரம் அல்ல. மறுபக்கமும் பார்க்க வேண்டும். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் ராணுவச் சம்பளத்துக்கும் வெளிச் சம்பளத்துக்கும் இடைவெளி குறைவு. அதிகம் சம்பாதிக்கும் அறுவைத் துறை ஒன்றில் வருடத்துக்கு 2,00,000 இடைவெளி என்று வைத்தால், நாலு வருடத்தில் 8,00,000 போகும். கட்டணத்தை மிச்சப்படுத்தி அதைவிடப் பெரியதை விட்டுக்கொடுத்த கதை.

விண்ணப்பத்தில் எங்கே சிக்கும்? அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு போதாது. கல்லூரி அமெரிக்காவிலோ போர்ட்டோ ரிக்கோவிலோ அங்கீகாரத்தோடு இருக்க வேண்டும். கரீபியன் கல்லூரிகளுக்குக் கதவு மூடியாகிவிட்டது. சாதாரணச் சிப்பாய் சேர்க்கும் ரெக்ரூட்டரிடம் போகாமல் மருத்துவ அதிகாரிகளைச் சேர்க்கும் ரெக்ரூட்டரைத் தேடுங்கள். உடற்தகுதியில் அதிகம் விழுபவர்கள் ஆஸ்துமாக்காரர்கள்: 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால் தகுதிக்குறைவு, விலக்கு வாங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் யாரோ எழுதிக்கொடுத்த இன்ஹேலர் இங்கே வந்து நிற்கும். பழைய மருத்துவக் குறிப்புகளை முதலிலேயே வாங்கி வையுங்கள். பின்னணி விசாரணைப் படிவத்தில் வெளிநாட்டில் உள்ள உறவினர், நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். ஊரில் தாத்தா பெயரில் பிரிக்காமல் கிடக்கும் சொத்தில் பங்கு உண்டா என்று அப்போதுதான் பலர் வீட்டில் விசாரிக்கவே தொடங்குவார்கள்.

சேர்ந்தபின் வரும் சில்லறைத் தொல்லைகள்: படிகாசுக்கும் கையெழுத்துப் பணத்துக்கும் வரி உண்டு, கல்லூரிக் கட்டணத்துக்கு இல்லை. வருடத்தில் 45 நாள் முழுச் சம்பளப் பணி. அந்த நாட்களைத் தவிர ராணுவ மருத்துவக் காப்பீடு கிடையாது. முதல் செமஸ்டரில் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேரத் தாமதமாகி மாணவர் கணக்கில் தடை விழுவது சகஜம். நிதி அலுவலகத்தில் ஒப்பந்த நகலை முன்பே கொடுத்துவைத்தால் அபராதம் தப்பும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் காசு வையுங்கள்.

பெதெஸ்டாவில் உள்ள ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகம் தனி வகை. கட்டணமே இல்லை, படிக்கும்போதே இளநிலை அதிகாரிச் சம்பளம், ஆனால் கடமை ஏழு வருடம். ராணுவத்திலேயே ஓய்வு பெறும் எண்ணம் உள்ளவருக்கு இது எச்பிஎஸ்பியைவிட மேல். மற்றவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி சிவிலியன் வழிகள். இத்தனை நாள் நிபுணர்கள் சொன்ன எளிய பதில், "கூட்டாட்சிக் கடன் வாங்கு, லாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார், 120 தவணை கட்டியதும் மிச்சம் தள்ளுபடி." 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி அது. ரெசிடென்சி வருடங்களும் கணக்கில் சேரும் என்பதுதான் அதன் இனிப்பு. அந்தப் பதிலை 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் பாதி உடைத்துவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவருக்கு, மீதிச் செலவு முழுவதையும் ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்குக் கூட்டாட்சிக் கடன் வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். வருடச் செலவு 90,000 என்றால் மீதி 40,000க்குத் தனியார் வங்கி. அங்கே இணைக் கையெழுத்துக்குப் பெரும்பாலும் அப்பா அம்மாதான் வர வேண்டும், அந்தப் பகுதிக்குத் தள்ளுபடியும் இல்லை. எச்பிஎஸ்பியின் மதிப்பு முன்பைவிட ஏறியிருப்பது இதனால்தான்.

தள்ளுபடியில் தவறு நடக்கும் இடம் வழக்கமாக ஒன்று: மருத்துவமனை லாப நோக்கற்றது, ஆனால் சம்பளம் கொடுப்பது தனியார் மருத்துவர் குழு. டபிள்யூ-2 என்ற வருடாந்தரச் சம்பளப் படிவத்தில் வரும் நிறுவன எண்ணைக் கேட்டு வாங்கி, வேலையில் சேரும் முன்பே சரிபாருங்கள். வட்டி குறைகிறதே என்று கடனைத் தனியார் வங்கிக்கு மாற்றினால் தள்ளுபடி அன்றே போச்சு.

என்எச்எஸ்சி, அதாவது அரசின் தேசியச் சுகாதார சேவைப் படை தரும் உதவித்தொகை முதல்நிலை மருத்துவம், மனநலம், மகப்பேறு போன்ற துறைகளுக்கு மட்டும். உதவி வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஒரு வருடப் பணி, குறைந்தது இரண்டு வருடம். முதலாண்டு மாணவர் மனம் மாறி இதய மருத்துவம் போக நினைத்தால் வாங்கிய பணத்தின் மூன்று மடங்கும் வட்டியும் திருப்ப வேண்டிவரும். ராணுவ ஒப்பந்தத்தைவிடக் கடுமையான விதி இது. முன்னாள் ராணுவத்தினர் துறையும் எச்பிஎஸ்பி என்ற அதே சுருக்கப் பெயரில் ஒன்று நடத்துகிறது. சீருடை கிடையாது, ஒரு வருட உதவிக்குப் பதினெட்டு மாத வேலை. இரண்டையும் குழப்பி விண்ணப்பிப்பவர்கள் உண்டு.

சீருடை பிடிக்கும், துறையை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை என்பவருக்கு எங்கள் பரிந்துரை, அவசரப்படாமல் ரெசிடென்சி வரை பொறுப்பது. எஃப்ஏபி என்ற ராணுவ நிதியுதவித் திட்டம் சிவிலியன் ரெசிடென்சியில் இருப்பவருக்கு வருடம் 45,000 டாலரும் மாதப் படிகாசும் கொடுக்கிறது. வாங்கிய வருடங்களோடு ஒன்று கூட்டிச் சேவை செய்ய வேண்டும். துறை ஏற்கெனவே கையில் இருக்கும், டிசம்பர் பயம் இல்லை. ராணுவத்தில் முழுநேரமாகப் பணியாற்றும் மாதங்கள் அந்த 120 தவணைக் கணக்கிலும் ஏறும்.