செல்ஃப் அழுத்தினால் மீட்டர் அணைகிறது: எல்லாம் மாட்டி வந்த பழைய டூரிங் பைக்

நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு டூரிங் பைக் பார்த்து வைத்திருக்கிறார். ஃபாக் லைட், இரட்டை ஹாரன், யூஎஸ்பி சார்ஜர், ஜிபிஎஸ் டிராக்கர், ஹேண்டில்பார் ரைசர், பக்கவாட்டுப் பெட்டிகள் எல்லாம் மாட்டியே தருகிறார்களாம். தனித்தனியாக வாங்கினால் பெரிய தொகை ஆகும், எடுக்கலாமா என்று கேட்டார். நான் ஓட்டுவதும் அப்படி எல்லாம் மாட்டி வந்த 2018 மாடல்தான். ஒற்றை சிலிண்டர், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், 12 வோல்ட் 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. கிக்கர் கிடையாது. கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். கீழே வரும் தொல்லைகளில் எதுவும் கம்பெனி போட்ட ஒயரிங்கில் பிறந்ததல்ல. ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு அதில் கை வைத்தவர்கள் செய்த வேலை.

என் வண்டியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் அருமை. எண்பதில் வைத்து நாள் முழுக்க ஓட்டலாம், முதுகு வலிக்காது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் முணுமுணுக்காமல் இழுக்கும். சஸ்பென்ஷன் குழியை விழுங்கிவிடும்.

விடாமல் எரிச்சல் தந்தது ஒன்றுதான். வெயிலில் ஓட்டி வந்து டீக்கடையில் நிறுத்தி மறுபடி செல்ஃப் அழுத்தினால், மீட்டர் ஒரு கணம் அணைந்து மறுபடி எரியும். கடிகாரம் 12:00க்குப் போய்விடும், டிரிப் மீட்டர் பூஜ்யமாகிவிடும். சில நேரம் ரிலேயில் (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். இரண்டாவது முறை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். காலையில் குளிர்ந்த இஞ்சினில் இந்தத் தொல்லை வராது. பெட்ரோல் முள் அலைபாயும் வண்டியில் டிரிப் மீட்டரை வைத்துத்தான் பெட்ரோல் கணக்குப் போடுகிறோம். அது தானாகப் பூஜ்யத்துக்குப் போனால் நெடும்பயணத்தில் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இந்த அறிகுறியைச் சொன்னதும் பட்டறைகளில் கிடைக்கும் பதில்கள் தெரிந்தவைதான்: பேட்டரி போச்சு, செல்ஃப் மோட்டாரில் கார்பன் தேய்ந்துவிட்டது, ஸ்டார்ட்டர் ரிலே மாற்ற வேண்டும். மூன்றும் சாத்தியம்தான். ஆனால் அளக்காமல் மாற்றினால் மூன்றுக்கும் காசு கொடுத்த பிறகும் மீட்டர் அணைந்துகொண்டேதான் இருக்கும். பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு அளவு போதும். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும்; செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் ஈய முனையிலேயே அளந்தால் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, பலர் செய்யாமல் விடுகிற சோதனை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் ஈயத்தின் மேலும் (போல்ட் மேல் அல்ல), சிவப்பு முனையை இஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அழுத்துங்கள். எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பு) நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். இந்த வண்டியில் 2 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. இஞ்சின் உடனே பிடித்துக்கொள்வதால் எண்ணைப் படிக்க நேரம் இருக்காது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிவு செய்யும் மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ரிலேயையோ கேபிளையோ சந்தேகப்படலாம்.

இதே எர்த்தை ‘பீப்’ சத்தம் வைத்தோ ஓம் அளவு வைத்தோ பார்த்தால் நன்றாக இருப்பதாகவே காட்டும். செல்ஃப் மோட்டார் முதல் கணத்தில் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது என்று வையுங்கள். இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கே 2 வோல்ட் தொலைந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு, அது 0.02 ஓமைப் பிரித்துக் காட்டவே முடியாது. அதனால்தான் “எர்த் எல்லாம் செக் பண்ணியாச்சு” என்று பட்டறையில் சொல்வது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் எர்த்தின் நிலை தெரியும்.

இணைப்பு கெட்ட இடம் பேட்டரி நெகட்டிவ் போல்ட்டேதான். கம்பெனி அங்கே வைத்தது இரண்டு லக் (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்). மாட்டியவர்கள் ஃபாக் லைட், ஹாரன், சார்ஜர், டிராக்கர் என ஒவ்வொன்றின் எர்த் லக்கையும் அதே எம்6 போல்ட்டில் அடுக்கிவிட்டார்கள். போல்ட்டின் நீளம் மாறவில்லை. அடுக்கு உயர உயர உள்ளே இருக்கும் சதுர நட்டில் இரண்டு மரை மட்டுமே பிடிக்கிறது. ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் அது தளர்ந்துவிடும். இன்னும் மோசம், மெல்லிய லக்குகள் அடியிலும் செல்ஃபின் தடித்த கேபிள் மேலேயும் இருந்தன. 100 ஆம்பியர் அத்தனை லக்குகளையும் தாண்டித்தான் ஈயத்துக்குப் போக வேண்டும். வண்டி மீட்டரின் எர்த்தும் அதே அடுக்கில்தான். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்க, எர்த்தில் இன்னொரு 2 வோல்ட் போக, மீட்டருக்குக் கிடைப்பது 8. அது அணைந்து எழுவதில் ஆச்சரியமே இல்லை. சூட்டில் தளர்ந்த இணைப்பு இன்னும் தளர்வதால்தான் டீக்கடை வாசலில் மட்டும் வந்தது.

சரி செய்வது எளிது. சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. லக்கின் இரு பக்கமும், ஈய முனையும் பளபளக்கும்வரை நைஸான எமரி தாளால் தேயுங்கள். தடித்த கேபிள் ஈயத்தை ஒட்டி, அதற்கு மேல் கம்பெனி லக், அவ்வளவுதான். மற்ற எர்த்துகளை எங்கே கொண்டுபோனேன் என்பது கடைசியில் வருகிறது. அந்தக் கேபிளின் மறுமுனை இஞ்சினில் ஏறும் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். முடித்த பிறகு பெட்ரோலியம் ஜெல்லியை மேலே பூசினால் ஈரம் ஏறாது. மறுபடி அளந்தபோது 0.1. கடிகாரம் அதன்பின் அசையவில்லை.

ஒன்று சரியானதும் அடுத்தது தெரிய ஆரம்பித்தது. மூடுபனியில் முன்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, ஐட்லிங்கை ஒட்டிய ஆர்பிஎம்மில் ஃபாக் லைட் எரிந்தால் ஏபிஎஸ் விளக்கு வந்துவிடும். சென்சாரையோ யூனிட்டையோ மாற்ற ஓட வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் ஏபிஎஸ் யூனிட் விளக்கை எரியவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் மட்டும் வேலை செய்யும். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. 55 வாட் பல்புக்கு எப்போதும் 4 ஆம்பியர் போகிறது. ஃப்யூவல் பம்பு, இசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இக்னிஷன் தனி. அதன் மேல் இரண்டு ஃபாக் லைட், ஒவ்வொன்றும் 40 வாட் என்றால் இன்னொரு 6 ஆம்பியர். இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் காயில் ஐட்லிங்கில் தருவது இதற்குப் போதாது. மிச்சத்தை பேட்டரி கொடுக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் ஆரோக்கியமாக இருக்கிறது. 15ஐத் தாண்டினால் அந்த வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, அதோடு ஓட்டாதீர்கள்.

இங்கே பரவலான ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். எல்இடி பல்பு போட்டால் காயிலுக்குச் சுமை குறையும், சூடும் குறையும் என்கிறார்கள். ஷன்ட் வகை ரெகுலேட்டர் உள்ள வண்டியில் அது நடக்காது. அந்த வகை, தேவைக்கு மிஞ்சிய கரண்டை காயிலுக்குள்ளேயே ஷார்ட் செய்து திருப்பிவிடுகிறது. நீங்கள் விளக்கை அணைத்தாலும் காயில் அதே அளவுக்கு உழைத்துக்கொண்டுதான் இருக்கும். எல்இடியால் பேட்டரிக்கு ஐட்லிங்கில் கிடைக்கும் நிம்மதி உண்மை. காயிலுக்குக் கிடைப்பதாகச் சொல்வது உண்மையல்ல. ரெகுலேட்டரின் கப்ளரை (ஒயர்கள் சேரும் பிளக்கை) மட்டும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் முனைகள் சுட்டுக்கொண்டிருக்கின்றன. புது டெர்மினல் போட்டு நன்றாக கிரிம்ப் செய்யாமல் (கருவியால் நசுக்கிப் பிடிக்கவைக்காமல்) புது ரெகுலேட்டர் வாங்குவது வீண். காயிலைச் சோதிக்க, அதன் மூன்று ஒயர்களையும் கழற்றி, இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஏசி வோல்ட் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். எந்த ஒயருக்கும் இஞ்சின் உடம்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

நாலைந்து நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுவது டிராக்கரின் வேலை. சாவி ஆஃப்பில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துக் கேபிளுக்கும் ஈயத்துக்கும் நடுவே இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அழுத்தினால் மல்டிமீட்டரின் ஃப்யூஸ் போய்விடும், கவனம். சில நிமிடம் காத்திருந்து படித்தால் நல்ல வண்டியில் சில மில்லி ஆம்பியர்தான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் போகிறது; 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி, மூன்று நாள் சொச்சத்தில் காலி. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எது குடிக்கிறது என்று தெரிந்துவிடும். எண் குறையவே இல்லையென்றால் குடிப்பது ஃப்யூஸ் இல்லாமல் நேராக மாட்டிய ஒன்று. இங்கே அப்படித்தான்.

ஹாரனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரட்டை ஹாரனை ரிலே இல்லாமல் பழைய ஸ்விட்சிலேயே ஓட்டினால் ஸ்விட்ச் கருகும், ஃப்யூஸ் போகும். பிரேக் லைட்டும் அதே ஃப்யூஸில் இருக்கும் வண்டிகள் உண்டு. ஹாரன் அடித்ததால் பின்னால் வருபவருக்கு பிரேக் லைட் தெரியாமல் போவது விளையாட்டல்ல.

ரைசர்தான் உண்மையில் பயமுறுத்தியது. ஹேண்டில்பாரை உயர்த்தியவர்கள் ஒயரிங் கட்டைத் தளர்த்திவிடவில்லை. திருப்பும்போதெல்லாம் அது ஃபோர்க் கழுத்தில் இழுபட்டு உரசி, உள்ளே செம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. கண்டுபிடிக்கும் வழி: நியூட்ரலில் இஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஆர்பிஎம் மாறினாலோ, விளக்கு மினுங்கினாலோ, இஞ்சின் நின்றாலோ கழுத்தருகே கட்டைப் பிரித்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச் ஒயரையும் இதே வகையில் ஆட்டிப் பார்க்க வேண்டும். குழியில் விழும்போது மட்டும் இஞ்சின் அணைந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்.

ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். அவை இழைகளில் பாதியை அறுத்துவிடுகின்றன. மழை இறங்கி செம்பு பச்சையாகிவிடும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றியதும் நம் ஊர் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்தால் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து அதிர்வில் முறியும். கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுவதே நிற்கும்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு இப்படி மாற்றினேன்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் ரிலேயின் 30ஆம் பின்னுக்கு, 87லிருந்து நாலு வழி ஃப்யூஸ் பாக்ஸுக்கு, 86க்கு சாவி போட்டால் உயிர்வரும் டெயில் லைட் ஒயர், 85 எர்த். ஃபாக் லைட்டுக்கு 10, ஹாரனுக்கு 15, சார்ஜருக்கு 5. ஃபாக் லைட்டுக்கும் ஹாரனுக்கும் தனித்தனியாக ஒரு ரிலே. எர்த் எல்லாம் சீட்டுக்கடியில் ஒரே பட்டைக்கு வந்து, அங்கிருந்து ஒற்றை ஒயராக பேட்டரிக்கு. டிராக்கரைக் கழற்றி வைத்துவிட்டேன். சென்னையில் இருப்பவர்களுக்கு மல்டிமீட்டரும் ஸ்லீவும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், ரிலேயும் ஃப்யூஸ் பாக்ஸும் ஜிபி ரோட்டில்.

இப்போது வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. விற்கும் எண்ணம் துளியும் இல்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில்: எடுக்காதீர்கள். அவர்கள் ‘எக்ஸ்ட்ரா’ என்று விலை சொல்லும் ஒவ்வொன்றையும் நீங்கள் பிரித்து மறுபடி மாட்டப்போகிறீர்கள். அந்த வேலைக்கு நீங்கள்தான் கூலி கொடுக்கிறீர்கள். அதே மாடலில் ஒன்றும் மாட்டாத வண்டியைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தேடுங்கள். பார்க்கப் போகும்போது சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். நெகட்டிவ் போல்ட்டில் இரண்டுக்கு மேல் லக் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.