வடவள்ளி பக்கம் அம்மாவ சேர்த்த முதியோர் ஹோம், நாலு மாச அனுபவம்

அம்மாவுக்கு 78 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப வாக்கர் புடிச்சு பத்தடி நடந்தாங்க, நான் வேலைக்கு போறதால வீட்டோட ஒரு ஆள் வச்சோம், அந்தப் பொண்ணு தங்கமானவ, அம்மாவ ஒரு வேலையும் செய்ய விடல, ஊட்டி விட்டு, படுக்கையிலயே தொடச்சு விட்டு, டயபர் மாட்டி விட்டு... ஒரே மாசத்துல அந்தப் பத்தடியும் போயிடுச்சு. அப்புறம் தான் கோயமுத்தூர்ல இந்த ஹோம்ல சேர்த்தோம்.

மொத நாள் எனக்கு கோவம் தான் வந்துச்சு. ஒரு மாசமா ஊட்டியே பழகுனதால அம்மாவுக்கு கை நடுங்குது, இட்லிய பிக்க முடியாம கஷ்டப்படுறாங்க, சிஸ்டர் பக்கத்துல பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நான் ஊட்டப் போனா "வேண்டாங்க, அம்மாவே சாப்பிடுவாங்க, நேரம் ஆனா ஆகட்டும்"ன்னாங்க. ரெண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம். இப்ப யோசிச்சா அந்த முக்கால் மணி நேரத்துக்கு தான் நாம காசு கட்டுறோம்.

காலைல படுக்கையிலயே பாதத்த மேலயும் கீழயும் ஆட்ட சொல்றாங்க, அப்புறம் கை வச்ச நாற்காலில இருந்து தானா எந்திரிச்சு உக்காரணும், பாத்ரூமுக்கு தனியா போக முடியறதே இதுல தான் இருக்காம். நடக்கும்போது இடுப்புல பெல்ட் கட்டி அத புடிச்சுக்கிறாங்க, கைய புடிச்சு இழுக்கிறதே இல்ல, தோள்பட்டை போயிடும்ல. பாவாடை போடறப்ப ஆபரேஷன் பண்ண கால் மொதல்ல உள்ள போகணும், கழட்டும்போது கடைசியா வரணும், தாழ்வான சீட்ல உக்கார கூடாது, கால் மேல கால் போட கூடாது, இதெல்லாம் துணி மடிக்கிற அக்காவுக்கு கூட தெரிஞ்சிருக்கு! பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கேட்டு பாத்ரூம் கூட்டிட்டு போனாங்க, மூணு வாரத்துல பகல் டயபர் நின்னுச்சு. திரும்ப நடக்க ஆரம்பிச்சத விட இதுல தான் அம்மா முகம் தெளிஞ்சுச்சு.

குறை, ராத்திரி ஷிப்ட். ஆள் மாறிட்டே இருக்காங்க, எழுப்பி கூட்டிட்டு போக அலுத்துகிட்டு டயபர மாட்டி விட்டுடறாங்க. ரெண்டு தடவ சண்ட போட்டப்புறம் தான் ஹெட் சிஸ்டர் தலைமாட்டுல எழுதி ஒட்டுனாங்க, இப்ப பரவால்ல. பிசியோ (உடற்பயிற்சி சொல்லித் தர்ற பிசியோதெரபிஸ்ட்) வாரத்துக்கு ரெண்டு நாள் தான் வர்றார், மத்த நாள் சிஸ்டருங்க தான் பயிற்சிய செய்ய வைக்கிறாங்க, ஆனா ஞாயித்துக்கிழம எதுவும் கிடையாது, திங்கக்கிழம கால் மரக்கட்ட மாதிரி இருக்குன்னு அம்மா சொல்றாங்க. மாசம் 45,000, பிசியோவுக்கு தனி.

ஹோம் பாக்கப் போறவங்க மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க, எத்தன பேர் கட்டில்ல படுத்திருக்காங்க, எத்தன பேர் வராண்டால இருக்காங்கன்னு எண்ணி பாருங்க. எங்க வீட்டு பாத்ரூம்ல கைப்பிடி அடிக்க ஆள் சொல்லியிருக்கேன், அது முடிஞ்சதும் அம்மாவ கூட்டிட்டு வந்துடுவேன்.