டாக்ரோலிமஸ் தாங்கும், மைக்கோபீனோலேட் அவ்வளவாகத் தாங்காது

கிட்னி மாற்று செய்துகொண்டவர்களின் ரத்தத்தை எங்கள் லேபில் எடுத்து, புதுக் கிட்னியை உடல் நிராகரிக்காமல் இருக்கப் போடும் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சென்னை லேபுக்கு அனுப்புகிறோம். சாயங்காலம் கூரியரில் போட்டால் மறுநாள் காலைதான் போய்ச் சேரும். "ஐஸ் இல்லாம அனுப்பினா மருந்து கெட்டுடாதா?" என்று வீட்டுக்காரர்கள் பதறுகிறார்கள். எந்த மருந்து என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

டாக்ரோலிமஸ் என்றால் பயம் வேண்டாம். பெரும்பகுதி சிவப்பணுவுக்குள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்து அது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடி ட்யூபில் முழு ரத்தமாக இருந்தால் அறை வெப்பத்திலேயே ஒரு வாரம் வரை அளவு பெரிதாக மாறாது. சென்னை லேபில் முதல் வேலையே அணுக்களை உடைப்பதுதான்; அதனால் வழியில் கொஞ்சம் ரத்தம் சிதைந்தாலும் கெடுதல் இல்லை. கட்டி தட்டினால்தான் வீண். எடுத்தவுடன் ட்யூபை எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஆனால் ஒன்று, அறை வெப்பம் என்பது 25 டிகிரி பக்கம். மே மாத மதியத்தில் வேனுக்குள் இருப்பதை அப்படிச் சொல்ல முடியாது, அப்போது ஐஸ் பாக்ஸ் வையுங்கள்.

சைக்ளோஸ்போரினும் முழு ரத்தத்தில் இதே மாதிரி நிற்கும். பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, மட்டும் பிரித்து அளந்தால்தான் சிக்கல்: ரத்தம் ஆற ஆற மருந்து பிளாஸ்மாவை விட்டு அணுக்களுக்குள் போய்விடும், அளவு குறைத்துக் காட்டும்.

சிரோலிமஸை இவ்வளவு நம்ப மாட்டேன். சூடும் வெளிச்சமும் ஆகாது. வெளியே ஒரு நாள், 2–8 டிகிரியில் ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ட்யூபை ஃபாயிலில் சுற்றி அனுப்புகிறேன்.

மைக்கோபீனோலேட்டுக்கு எல்லாமே தலைகீழ். மருந்து பிளாஸ்மாவில்தான் இருக்கும். சீக்கிரம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிரிக்க வேண்டும். உடல் அதை மாற்றி உண்டாக்கும் அசைல் குளுகுரோனைடு நிலையில்லாதது. அறை வெப்பத்தில் கிடந்தால் ஒரு பகுதி திரும்ப மூல மருந்தாகிவிடும், அளவு கூடிக் காட்டும். அதையும் சேர்த்து அளக்கப் போகிறார்கள் என்றால் பிளாஸ்மாவில் அமிலம் சேர்த்து உறைய வைப்பதுதான் வழி.

விரலில் குத்தி வடிதாளில் காயவைக்கும் முறை தபாலுக்கு வசதிதான். ஆனால் ரத்தசோகை இருந்தால் பொட்டு பரவுகிற விதமே மாறும், முடிவும் நகரும். மாற்று செய்தவர்களில் ரத்தசோகை சகஜம் என்பதால் நான் ட்யூபையே எடுக்கிறேன்.

போன மாதம் ஒரு அண்ணன் வந்தார். முந்தைய ரிப்போர்ட்டில் டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட ரொம்ப அதிகம். கூரியரைத்தான் திட்டினார். "அன்னைக்கு மாத்திரை எப்ப போட்டீங்க?" என்று கேட்டேன். "எட்டு மணிக்கு. பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தேன்மா." மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தம் அது. பார்க்க வேண்டியதோ அடுத்த வேளைக்கு முந்தைய அளவு. இப்போதெல்லாம் கடைசி மாத்திரை போட்ட நேரத்தைக் கேட்டு, லேபிளில் எழுதிவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன்.