வைட் ரிஸ்க் செயலி: வண்ணத்தோடு நின்றுவிடாதீர்கள்

சுவிஸ் ஆல்ப்ஸில் சீரமைத்த சறுக்குத் தடங்களை விட்டு வெளியே போகிறவர்களுக்கு வைட் ரிஸ்க் செயலியைவிடப் பயனுள்ள இலவசச் சேவை இல்லை. தாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை வெளியிட்டு வருகிறது. குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வரும், முக்கிய மாதங்களில் காலை 8 மணிக்குப் புதுப்பிப்பார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வரும் இந்த அறிக்கையைக் கைபேசியில் படிக்க உதவுவதுதான் வைட் ரிஸ்க்.

வரைபடத்தில் 1 முதல் 5 வரையிலான ஆபத்து நிலைகள் வண்ணங்களாகத் தெரியும். பலர் அதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்தில் மூன்றுதானே, நடுத்தரம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. நிலை 3 குளிர்காலத்தில் சுமார் 30 சதவீத நாட்களுக்கு அறிவிக்கப்படுகிறது. ஆனால் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த நாட்களில்தான் இறக்கிறார்கள். ஒரு நிலை கூடும்போது ஆபத்து பல மடங்காகிறது. 2022-23 குளிர்காலத்திலிருந்து ஆபத்து அந்த நிலைக்குள் கீழ்ப்பகுதியிலா, நடுவிலா, மேல்பகுதியிலா என்று காட்ட எண்ணுடன் கழித்தல், சமம், கூட்டல் குறிகளும் வருகின்றன. நல்ல சேர்க்கைதான். ஆனாலும் கழித்தல் குறி போட்ட 3 நிலை 3தான், அதை 2 ஆக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பகுதியைத் தொட்டால், எந்தத் திசையை நோக்கிய சரிவுகள் ஆபத்தானவை என்று கருப்பில் காட்டும் திசைச் சக்கரமும் உயர வரம்பும் வரும். மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கு வரை கருப்பு, 2200 மீட்டருக்கு மேல் என்றிருந்தால், அறிவித்த நிலை முக்கியமாக அந்தச் சரிவுகளுக்கு உரியது. மற்ற இடங்களில் பொதுவாக ஒரு நிலை குறைவாக இருக்கும். 2200 மீட்டரில் ஆபத்து சட்டென்று முடிந்துவிடாது என்பதால் கொஞ்சம் விலகலை மனதில் வைத்தே பாதையைத் திட்டமிடுங்கள்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அதற்கும் கீழே, ‘பனிச்சரிவுப் பிரச்சினை’ பகுதியிலும் விளக்க உரையிலும் இருக்கிறது. எண் ஒன்றாகவே இருந்தாலும் பிரச்சினை மாறினால் நடந்துகொள்ளும் முறையும் மாற வேண்டும். காற்று அடித்துச் சேர்த்த பனி என்றால் முகடுகளுக்குப் பின்னாலும் ஓடைப் பள்ளங்களிலும் அது குவிந்திருப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். பழைய பனிப் பிரச்சினை அப்படியல்ல. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, நிழல் சரிவுகளில் சர்க்கரைபோல் ஒட்டாத மணிகளாக மாறி, பின்னால் விழுந்த பனியின் அடியில் வாரக்கணக்கில் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பனி தடிமன் குறைந்த இடங்களிலும் பாறைகளைச் சுற்றியும் ஓர் ஆளின் எடையே அந்த அடுக்கை உடைத்துவிடும், உடைவு தொலைவுக்கும் பரவும். காலடியில் ‘வும்’ என்று அமுங்கிய சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி. ‘பழைய பனி’ என்ற சொல் அறிக்கையில் இருக்கும் நாளில், நிலை 2 ஆனாலும், செங்குத்தான வடக்குச் சரிவுகளைக் கைவிடுவதே சரி.

அளவீட்டு நிலையங்களின் தரவையும் பாருங்கள். பலத்த காற்று, கடுங்குளிர், வழுக்கும் பழைய மேற்பரப்பு ஆகியவை சேர்ந்த மோசமான சூழலில் 10 முதல் 20 செ.மீ. புதுப்பனியே ஆபத்தைக் கூட்டப் போதும். சூழல் சாதகமாக இருந்தால் 30 முதல் 60 செ.மீ. வரை தாங்கும்.

வரைபடத்தின் மேல் சரிவுகளின் செங்குத்தைக் காட்டும் சாய்வு அடுக்கு 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளுக்கு நிறமிடுகிறது. நிலை 2இல் 40, நிலை 3இல் 35, நிலை 4இல் 30 பாகைக்குக் கீழேயே இருப்பது தொடக்கநிலையினருக்கான பழைய, இன்றும் பயன்படும் விதி. நிறமில்லாத தடமும் மேலே உள்ள செங்குத்துச் சரிவின் வழியில் இருக்கலாம், நிலை 3இலிருந்து முழுச் சரிவையும் கணக்கில் எடுங்கள். சில மீட்டர் அகலமே உள்ள செங்குத்துத் துண்டுகள் வரைபடத்தில் விடுபட்டுப்போகும்.

வசந்தகாலத்தில் உலர்பனிக்கும் ஈரப்பனிக்கும் தனித்தனி மதிப்பீடு வரும். காலையில் பச்சையாகத் தெரியும் பகுதி மதியத்துக்குப் பின் மாறிவிடலாம், திரும்பும் நேரத்தை ஈரப்பனி மதிப்பீட்டை வைத்தே முடிவு செய்யுங்கள்.

குறைகள் என்றால், அறிக்கை பெரிய பகுதிகளுக்கானது, உங்கள் எதிரே நிற்கும் ஒரு சரிவைப் பற்றி எதுவும் சொல்லாது. குளிரில் கைபேசியின் பேட்டரியும் நம்பத் தகுந்ததல்ல, ஆகவே வரைபடத்தைப் பள்ளத்தாக்கிலேயே சேமித்து, காகித நகல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடலில் அணியும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடல் கருவிக்குக் கைபேசி இடையூறு செய்யும். அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லையெனில் புதைந்தவரைத் தேடும் நிமிடங்களில் பொய்ச் சமிக்ஞை வரும்.

அவசர எண்களையும் முன்பே பதிந்துவையுங்கள்: ரேகா வான்மீட்பு 1414, வலே மாநிலத்தில் 144. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் டிரோல் அல்லது பிரான்ஸ் பக்கம் இறங்குவதானால் அந்தந்தப் பகுதியின் அறிக்கையைத் தனியாகப் படிக்க வேண்டும்.