ரத்ததானக் குழுவில் வாட்ஸ்அப், கூகுள் ஷீட்: 2017 முதல் என் அனுபவம்

எங்கள் ஊர் ரத்ததானக் குழுவில் டோனர்களை ஒருங்கிணைக்கும் வேலையை 2017-லிருந்து பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் எல்லாமே வாட்ஸ்அப்தான். அப்போது ஒரு குரூப்பில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. மூன்று குரூப் வைத்திருந்தோம். ‘ஓ நெகட்டிவ், 2 யூனிட், அவசரம்’ என்று போட்டால் சில நிமிடங்களிலேயே போன் அடிக்கும். அந்த வேகம் இன்றுவரை வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பார்வர்ட் ஆனது ஆனதுதான். நம் குரூப்பில் அழித்தாலும் வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது. ஒரு சிறுமிக்காக நாங்கள் போட்ட போஸ்டர், அவள் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் ஊர் ஊராகச் சுற்றியது. ஒன்றரை வருடம் கழித்து ஓர் இரவு பெங்களூரிலிருந்து யாரோ அவள் அப்பாவை அழைத்து, “இப்பவே கிளம்பட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “பாப்பா ரெண்டாங்கிளாஸ் போறா, நல்லா இருக்கான்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன் தம்பி” என்றார். அடுத்த மாதம் சிம்மை மாற்றிவிட்டார்.

அன்றோடு போஸ்டரை விட்டோம். இப்போது எழுத்து மட்டும்தான். முதல் வரியில் தேதி, எத்தனை மணி வரை தேவை. நோயாளி வீட்டு எண்ணுக்குப் பதில் எங்கள் எண். ரத்தம் கிடைத்ததும் அதற்குக் கீழேயே ‘முடிந்தது’. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராம் ஸ்டோரி போடுகிறோம். 24 மணி நேரத்தில் தானாக மறைவது இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். ஃபேஸ்புக் பதிவு பலர் கண்ணில் படவே இரண்டு நாளாகிறது. முகாம் அறிவிப்போடு சரி.

என்னை அதிகம் நிம்மதியாக வைத்திருப்பது கூகுள் ஷீட். பெயர், ரத்தப் பிரிவு, ஏரியா, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால், தேதியோடு 90 அல்லது 120 நாளைக் கூட்டும் ஃபார்முலா போட்டோம். நாள் தாண்டியவர் பெயர் பச்சையாகும். முன்பெல்லாம் போன மாதம் கொடுத்த பையனே ஆர்வத்தில் மறுபடி ஓடி வருவான், ரத்த வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். இப்போது பச்சையில் இருக்கும் நான்கு பேரை மட்டும் அழைக்கிறேன்.

2021-ல் புதிதாக வந்த தம்பி ஒருவர், பெயர்களை அகரவரிசைப்படுத்த நினைத்து அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் ‘சார்ட்’ செய்துவிட்டார். பெயர்கள் நகர்ந்தன, ரத்தப் பிரிவு அங்கேயே நின்றது. பி பாசிட்டிவ்காரர்களை ஓ நெகட்டிவ் என்று நினைத்து அரை நாள் அழைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் போய் முந்தைய நாள் ஷீட்டை மீட்டோம். இப்போது பூட்டு போட்டிருக்கிறோம்.

அதைவிட வலித்தது வேறொன்று. தொடக்கத்தில் ஷீட்டை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தோம். டோனர்களாக இருந்த இரண்டு பெண்களுக்கு வேண்டாத அழைப்புகள் போயின. ஒருவர் விலகியே விட்டார். இன்று ஐந்து பேருக்கு மட்டும்தான் அனுமதி. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஷீட்டில் ‘குறிப்பு’ என்றொரு நெடுவரிசை உண்டு. விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் வருடாவருடம் தவறாமல் கொடுப்பவர். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அவர் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன்: ‘மெசேஜ் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடவும், தறிச் சத்தத்தில் கேட்காது.’