நாற்பது மீட்டருக்கு ஸ்லக் தேவையா?

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை இரண்டு டப்பாக்களுக்காகச் செலவிட்டிருக்கிறேன். ஒன்றில் செக் நாட்டு ஜேஎஸ்பி நிறுவனத்தின் எக்ஸாக்ட் ஜம்போ ஹெவி பெல்லட்டுகள், அதாவது காற்றுத் துப்பாக்கியில் போடும் இடை ஒடுங்கிய ஈயக் குண்டுகள். மற்றதில் அதே நிறுவனத்தின் நாக்அவுட் ஸ்லக்குகள், அதே வகைத் துப்பாக்கிக்கான நேரான உருளைக் குண்டுகள். இரண்டுமே .22 அங்குல அளவுக் குழலுக்கு உரியவை. பெல்லட் ஒன்றின் எடை 18.13 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 1.17 கிராம், ஸ்லக்கின் எடை 25.39 கிரெய்ன், ஏறக்குறைய 1.65 கிராம். என்னிடம் உள்ளது காற்றை முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும் பிசிபி வகைத் துப்பாக்கி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குடியிருக்கும் எனக்கு, ஸ்லக்குக்கு மாறுவது பயன் தருமா என்பதே கேள்வி. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கருதுகிறது. கையில் உரிமம் இல்லாதவர்களுக்காக நான் எழுதவில்லை.

பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சிறிய உடுக்கை போல இருக்கும். தலை உருண்டை, இடை ஒடுக்கம், பின்பகுதி பாவாடை போல விரிந்து உள்ளே குழிந்தது. சுடும்போது பின்னால் வரும் காற்றின் அழுத்தம் அந்த மெல்லிய ஈயப் பாவாடையை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்டச் செய்கிறது. அதனால் காற்று கசியாது, குழலுக்குள் முறுக்காக வெட்டிய வரிகளும் குண்டைப் பிடித்துச் சுழற்றுகின்றன. வெளியே வந்த பிறகு, இறகுப்பந்தின் இறகைப் போல, அதே பாவாடை பின்னால் இழுத்துப் பிடித்து மூக்கை முன்னோக்கியே வைத்திருக்கிறது. இந்த இழுவைதான் பெல்லட்டின் பலமும் பலவீனமும். குண்டு தடுமாறாமல் போகிறது. ஆனால் வேகத்தை விரைவில் இழக்கிறது.

ஸ்லக்குக்கு இடையும் இல்லை, பாவாடையும் இல்லை. நேரான சிறு ஈய உருளை, முனையில் ஒரு குழி, அவ்வளவுதான். காற்றைக் கிழித்துச் செல்லும் திறனைக் குறிக்கும் எண் பெல்லட்டுக்கு 0.03ஐ ஒட்டி இருக்கும். இந்த எடையுள்ள ஸ்லக்குக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இதை நேராக வைத்திருக்கச் சுழற்சியைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே குழலின் வரிகள் எவ்வளவு நெருக்கமாக முறுக்கப்பட்டுள்ளன, குழல்வாய் சற்று ஒடுக்கப்பட்டதா, ஸ்லக்கின் விட்டம் .216 அங்குலமா, .217ஆ, .218ஆ என்பதெல்லாம் இங்கே பெரிய விஷயங்களாகிவிடுகின்றன. பெல்லட் இவற்றையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஸ்லக் பொறுக்காது.

இதை நான் கற்றது ஒரு வெட்கக்கேடான முறையில். நாக்அவுட் வாங்குவதற்கு முன்பே ஒரு கடையில் வேறொரு தயாரிப்பின் ஸ்லக் டப்பாவை எடுத்தேன். குழலைப் பற்றி ஏதும் கேட்காமலேயே, “அண்ணே, எல்லா .22க்கும் ஒரே சைஸ்தான், தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்றார் விற்பனையாளர். நானும் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுத்தேன். சுடும் தளத்தில் மூன்றாவது சுடலில் ‘புஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. குறி அட்டையில் புதிய துளை இல்லை. வாய்ப்பகுதி ஒடுக்கப்பட்ட என் குழலில், முனைக்கு ஓர் அங்குலம் முன்னதாகவே ஸ்லக் சிக்கி நின்றிருந்தது. காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, பித்தளைக் கம்பியால் பின்பக்கமாக மெல்லத் தள்ளி எடுக்க அரைமணி நேரம் பிடித்தது. வெளியே வந்த ஈயத்தில் வரிகளின் தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. இப்படிச் சிக்கினால், அடுத்த குண்டைப் போட்டுத் தள்ளிவிடலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். பிறகு .217 அளவில் நாக்அவுட்டை வாங்கினேன், அது சிக்கவில்லை. ஆனால் என் துப்பாக்கியில் குண்டுகளை அடுக்கி வைக்கும் மேகசினுக்கு அதன் நீளம் ஒத்துவராததால், ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டியிருந்தது.

இனி அட்டையில் கண்டது. 25 மீட்டரில் ஐந்து பெல்லட்டுகளின் துளைகளை ஒரு பத்து காசு மறைத்துவிட்டது. ஸ்லக்குகளுக்கும் அதே காசுதான். ஒருமுறை மட்டும் ஒரு துளை ஓரத்தில் எட்டிப் பார்த்தது. 50 மீட்டரில், காற்றசைவு இல்லாத காலை எட்டு மணிக்கு, பெல்லட்டுகளை மறைக்க ஐம்பது காசு போதும். மாலை நான்கு மணிக்கு மழைக்கு முன் வீசும் அந்தக் காற்றில்தான் கதை மாறியது. பெல்லட்டுகள் வலப்பக்கமாக வரிசை கட்டிப் போய்விட்டன. ஸ்லக்குகள் ஏறக்குறைய காலையில் இருந்த இடத்திலேயே விழுந்தன. மனம் ஆசைப்பட்டது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் அந்த ஆசைக்கு உழைப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் அனுப்புவதாக வைத்துக்கொண்டால், பெல்லட்டுக்கு ஏறக்குறைய 43 ஜூல் ஆற்றல் போதும், ஸ்லக்குக்கு 60 ஜூல் வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் தொட்டியில் உள்ள காற்றிலிருந்துதான் வர வேண்டும். கைப்பம்பால் 200 பார் அழுத்தம் வரை ஏற்றுபவனுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். இந்த வெயிலில் சட்டை நனைந்துவிடும். விலையிலும் ஒரு ஸ்லக் எனக்கு ஒரு பெல்லட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விழுந்தது.

பெல்லட்டிலும் ஒரு குறை உண்டு. பாவாடை மெல்லியது என்பதால் எளிதில் நசுங்கும். புதிய டப்பாவைத் திறந்ததும் சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பது என் வழக்கம். நல்லது சீராக வளைந்து உருளும். நசுங்கியது தத்தித் தத்திப் போகும். இந்த டப்பாவில் ஒன்பது தத்தின. உருட்டி முடித்தபோது விரல் நுனிகள் கரியைத் தொட்டதுபோல் கறுத்திருந்தன. அது ஈயம், சோப்புப் போட்டுக் கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

அப்பா தோட்டக் கிராணியாக இருந்த காலத்தில் வைத்திருந்தது, குழலை மடக்கி ஏற்றும் சுருள்வில் துப்பாக்கி. அந்த வகையை இன்றும் வைத்திருப்பவர்கள் ஸ்லக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. வில்லுக்கு அந்த எடை தாங்காது. குண்டும் மந்தமாகவே போகும்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள், “அண்ணே, தென்னையில ஏறுற அணிலுக்கு ஸ்லக்னா ஒரே அடியில முடிஞ்சிடுமில்ல?” என்று கேட்டார். மரத்தைச் சுற்றித் தகரம் அடியுங்கள் என்றேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது எந்த உயிரைச் சுடலாம் என்பதை நாமாகத் தீர்மானிக்க முடியாது. செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்கவே கூடுப் பெட்டிகள் வைத்து ஆந்தைகளை வளர்க்கிறார்கள். அதோடு, எங்கள் வேலியிலிருந்து செம்பனை வரிசை நாற்பது மீட்டர். அதற்கு அப்பால் தொழிலாளர்களின் பழைய லயம், அதையொட்டிப் பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டியில் போகும் செம்மண் சாலை. குறி தவறிய பெல்லட்டும் ஆபத்தானதுதான். ஆனால் ஸ்லக் தன் வேகத்தை வெகுதூரம் வைத்திருக்கும். கெட்டித் தரையில் பட்டால் எகிறியும் போகும். மாலைக் காற்றில் நான் மெச்சிய அதே குணம் இங்கே எனக்கு அச்சத்தைத் தருகிறது.

200 ஸ்லக்குகள் கொண்ட டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பின்னால் மண்மேடு உள்ள தளத்தில், 50 மீட்டர் வரிசை கிடைக்கும் நாளில் மட்டும் அதைப் பையில் எடுத்துக்கொள்கிறேன். சென்ற வாரம் வாங்கியது பெல்லட்தான், இரண்டு டப்பாக்கள்.